ஆபத்திலிருக்கும் ஒரு தாய்க்காக

மண்ணூர்பேட்டை
22.09.2024

அன்புத் தங்கை ரெனிதாவுக்கு அக்கா ஸ்டெஃபி எழுதிக்கொள்வது.

சேசுவுக்கே புகழ். இங்கே நான், உன் மாமா ஜாபஸ், காட்டுப்பாக்கத்தில் அம்மா எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டிவலியும் சுகமாக இருக்கிறது, அவளை விட்டு எங்கும் போகவில்லை. திண்டுக்கல் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? முடி கொட்டுகிறதா?

மடத்தில் நோவிஸாகப் பயிற்சியில் இருக்கும் வரை போன் கிடையாது, மாதத்துக்கு ஒரே கடிதம்தான் எழுதலாம், வருகிற கடிதத்தை மதர் பிரித்துப் படித்த பிறகுதான் உன்னிடம் தருவார் என்று கேட்டதும் அம்மா அழுதாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதைப் படிக்கும் மதருக்கும் என் தோத்திரம்.

நர்ஸ் வேலையை உதறிவிட்டு சிஸ்டராகப் போகிறேன் என்று கிளம்பினாய், சரி. போகிற போக்கில் உன் கர்ப்பிணிகள் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் போல்ட்டுக்கு அளவு பார்க்கிறவள். ஏரியா நர்ஸ் சுதா மாதம் ஒருமுறை வருகிறார். மற்ற ஞாயிறெல்லாம் பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் நான்தான் டீச்சர். இந்துப் பெண்கள், ஜமீலா மாதிரி முஸ்லிம் பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். பாதிப் பேர் ஃபேன் காற்றுக்காக.

கோயிலுக்கு எதிரே டிபன் கடை வைத்திருக்கும் சாமுண்டீஸ்வரியைத் தெரியும்தானே, அவளுக்கு இப்போது ஐந்து மாதம். சத்து மாத்திரையை எல்லாம் குப்பையில் போட்டிருக்கிறாள். "அத்த துன்னா புள்ள கருப்பா பொறக்கும்னு எங்க மாமியா சொல்து" என்றாள். "உன் ஊட்டுக்காரரு இன்னா கலரு?" என்று கேட்டேன். "தார் ரோடு கணக்கா கீறாரு." "அவரு எத்தினி மாத்திர துன்னாரு?" ஹாலே சிரித்தது. அடுத்த வாரம் மாமியாரையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆனால் மாத்திரை போட்டால் மலம் கருப்பாகப் போகிறதே, உள்ளே ரத்தக் கசிவா என்று ஜமீலா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தவளுக்கே சொல்லிக் கொடு.

உன் அக்கா
ஸ்டெஃபி

*

திண்டுக்கல்
13.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நான் நலம். முடி கொட்டவில்லை, முக்காட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. உன் தோத்திரத்தைப் படித்துவிட்டு மதர் லேசாகச் சிரித்தார், அது இங்கே அபூர்வம்.

ஜமீலாவிடம் சொல்: மாத்திரையின் இரும்புச்சத்தால்தான் அப்படிப் போகிறது, பயப்பட ஒன்றுமில்லை. டீ, காபி, பாலோடு சேர்த்துப் போடக்கூடாது. எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ நல்லது.

எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கப் பார்க்காதே, வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுவார்கள். எப்போது வீட்டில் உட்காரக்கூடாது என்பதை மட்டும் மண்டையில் ஏற்று. விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, முகமும் கையும் வீங்குவது, மேல்வயிற்றில் வலி, ரத்தம் படுவது, பிள்ளையின் அசைவு குறைவது. இதில் ஒன்று வந்தாலும் மாமியாரைக் கேட்காதே, நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதே. பிரஷர் மேலே நூற்று நாற்பது, கீழே தொண்ணூறு, அதைத் தொட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கோரஸாகச் சொல்ல வை. சுதா அக்காவிடம் ஒரு பிரஷர் மிஷின் கேட்டு வாங்கி, ஒருவருக்கொருவர் பார்க்கப் பழக்கு.

வகுப்பை உன் தலையில் கட்டினேன் என்கிறாய். ஹால் சாவியை நீயேதான் கேட்டு வாங்கினாய், மறந்துவிட்டாயா? போன வருஷம் பிரஷர் ஏறி எட்டாம் மாதத்தில் பிள்ளையை இழந்தவளைக் கர்ப்பிணிகள் நடுவில் உட்கார வைக்கலாமா என்று நான் தயங்கினேன். நீதான் "எனக்கு ஒண்ணும் இல்ல, குடு" என்றாய். அக்கா, ஒன்றும் இல்லைதானே?

அம்மாவுக்கு முத்தம். மாமாவுக்கு அன்பு.

ரெனிதா

*

மண்ணூர்பேட்டை
17.11.2024

அன்பு ரெனிக்கு,

கடவுள் கிருபையால் எல்லோரும் சுகம். மழை மூன்று நாளாக விடவில்லை, எஸ்டேட் ரோட்டில் முழங்கால் தண்ணீரில்தான் வேலைக்குப் போகிறோம்.

கோரஸ் பிரமாதமாகப் போகிறது. "நூத்தி நாப்பத தொட்டா?" என்று நான் கேட்டால், "இன்னிக்கே ஆஸ்பத்திரி!" என்று ஹால் அதிர்கிறது. சுதா மிஷின் கொடுத்திருக்கிறார். சாமுண்டி அதை இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி மாட்டிக்கொண்டு திரிகிறாள், விட்டால் டிபன் கடைக்கு வருகிறவர்களுக்கும் பார்ப்பாள் போல.

இன்னொரு விஷயம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன். நான்காம் மாதம். மாமாவுக்குத் தெரியும், உனக்குச் சொல்கிறேன், மதருக்கும் தெரிந்துவிடும், அவ்வளவுதான். யாருக்கும் எழுதிவிடாதே, அம்மாவுக்கும்தான். வயிறு தெரிகிறபோது அவளே தெரிந்துகொள்வாள். போன தடவை ஸ்வீட் கொடுத்தவர்களிடம் எல்லாம் திரும்பப் போய், இல்லை என்று ஒவ்வொருவராகச் சொன்னேனே, அது எனக்குப் போதும்.

சுதாவிடம் இங்கே பதியவில்லை. வேலப்பன்சாவடியில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில் பார்க்கிறேன். வகுப்பில் எல்லோரையும் முதல் மூன்று மாதத்துக்குள் பதியச் சொல்லி மிரட்டுகிற நான் இப்படிச் செய்யலாமா என்று கேட்பாய். பிரைவேட் என்றாலும் டாக்டர் டாக்டர்தானே.

நன்றாக இருக்கிறேன். வாந்திகூட இல்லை. ஜெபித்துக்கொள்.

அக்கா

*

திண்டுக்கல்
08.12.2024

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தோட்டத்தில் நின்று படித்தேன். சந்தோஷத்தில் கத்தினேன், கத்தியதற்கு மௌன நேரத்தை மீறினாய் என்று பாத்திரம் தேய்க்கும் முறை எனக்கு விழுந்தது. தேய்க்கத் தேய்க்க சந்தோஷம் இறங்கி பயம் ஏறியது. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஒரு தடவை பிரஷர் வந்தவளுக்கு மறுபடி வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. போன வருஷம் உன் பக்கத்தில் நின்று நானும் கேட்டேனே, அடுத்த முறை உண்டானால் பன்னிரண்டாவது வாரத்திலேயே ஒரு சின்ன மாத்திரை தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தொடங்கிவிட்டார்களா? உன் பிரஷர் எவ்வளவு? நன்றாக இருக்கிறேன் என்பது எனக்குப் பதில் இல்லை, எண் வேண்டும். வேலப்பன்சாவடியில் டாக்டர் பெயர் என்ன? சிறுநீர் பார்த்தார்களா?

பிரஷர் ஏறுவது நமக்குத் தெரியாது. உடம்பு சொல்லாது, மிஷின்தான் சொல்லும். இதை நீயே ஞாயிறுதோறும் சொல்லிக் கொடுக்கிறாய்.

அம்மாவுக்கும் வேறு யாருக்கும் எழுதமாட்டேன், வாக்குக் கொடுக்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ரெனி

*

மண்ணூர்பேட்டை
09.02.2025

அன்பு ரெனிக்கு,

உன் டிசம்பர் கடிதமும் வந்தது, ஜனவரிக் கடிதமும் வந்தது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கம்பெனியில் ஆடிட், வீட்டில் பொங்கலுக்கு வந்த நாத்தனார் கூட்டம், அப்புறம் உன் மாமாவுக்கு ஷிப்ட் மாறியது. எல்லோரும் சுகம்.

சாமுண்டிக்கு ஆண்பிள்ளை. மூன்று கிலோவுக்கு மேல், தார் ரோட்டு நிறம், அவளுக்கு ஒரே பெருமை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு இப்போதும் வருகிறாள். ஜமீலாவுக்கு ரத்தச்சோகை போய் ரத்தம் ஏறியிருக்கிறது என்று சுதா கைதட்டினார். புதிதாக வந்த ஒருத்தி உப்பே இல்லாமல் சாப்பிட்டால் வீக்கம் வராது என்று நம்பிக்கொண்டிருந்தாள், அதைத் திருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எனக்கு ஏழாம் மாதம். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, எதிர்பார்த்ததுதான். முகம் பூசினாற்போல இருக்கிறது, பெண்பிள்ளைதான் என்கிறாள். வெயில் இப்போதே தொடங்கிவிட்டது, கைக்குப் பிடிக்கிறது என்று மோதிரத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன். பிள்ளை நன்றாக உதைக்கிறது. ஆஸ்பத்திரியில் எல்லாம் நார்மல் என்றார்கள்.

சாமுண்டி மிஷினைத் தூக்கிக்கொண்டு என்னிடமும் வந்தாள். "டீச்சரு கைய நீட்டுனா கிளாஸ்ல மரியாத பூடும், போ" என்று விரட்டிவிட்டேன்.

மதரிடம் என் தோத்திரம் சொல். தவக்காலம் வருகிறதே, ரொம்ப நோன்பு இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா

*

திண்டுக்கல்
02.03.2025

அன்புள்ள சாமுண்டீஸ்வரிக்கு,

ரெனிதா எழுதுகிறேன். நீயும் குழந்தையும் நலமா? தாய்ப்பால் மட்டும்தானே கொடுக்கிறாய்? உன் வீட்டு முகவரி தெரியாததால் டிபன் கடை, கோயில் எதிரே என்று போட்டு அனுப்புகிறேன். கிடைக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

எங்களுக்கு மாதத்துக்கு ஒரு கடிதம்தான். இந்த மாதத்துக் கடிதத்தை என் அக்காவுக்கு எழுதாமல் உனக்கு எழுதுகிறேன். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. அப்புறம் ஈஸ்டர் வரை நாங்கள் கடிதம் எழுத முடியாது, வருகிற கடிதமும் எங்கள் கைக்குக் கிடைக்காது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் டீச்சருக்கு யாராவது பிரஷர் பார்த்தார்களா?

மூன்று மாதமாக நான் கேட்கிறேன். வெயிலைப் பற்றி எழுதுகிறாள், கம்பெனியைப் பற்றி எழுதுகிறாள், டாக்டர் பெயரை எழுதவில்லை, எண்ணை எழுதவில்லை. மோதிரம் பிடிக்கிறது, முகம் பூசியிருக்கிறது என்கிறாள். இதை வேறு ஒருத்தி சொல்லியிருந்தால் அவளே ஆட்டோ பிடித்து அனுப்பியிருப்பாள். என் அக்கா எந்த டாக்டரிடமும் போகவில்லை என்று நினைக்கிறேன். போன பிள்ளை எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். அதேதான் மறுபடி வருகிறது, இந்த முறை அவளையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

யாரிடமும் சொல்லாதே என்று அவள் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். அதை மீறித்தான் இதை எழுதுகிறேன். கேட்டால் சண்டை போடுவாள், ஓடுவாள். கேட்காதே. எப்படியாவது அவள் கையைப் பிடித்து மிஷினில் வை.

ரெனிதா

*

மண்ணூர்பேட்டை
14.03.2025

ரெனி,

சுகமா? இந்த மாதம் உன் கடிதம் வரவில்லை. கோபமா? கோபமாக இருந்தால் நியாயம்தான்.

இப்போது தவக்காலம், நீ ஜனவரியில் எழுதியபடி ஈஸ்டர் வரை இது உன் கைக்கு வராது. அது தெரிந்துதான் எழுதுகிறேன். அது தெரிந்ததால்தான் எழுத முடிகிறது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நவம்பர் மாதம் ஒருமுறை போனேன். பிரஷர் பார்த்தார்கள், நூற்று நாற்பத்தெட்டு. மாத்திரை எழுதினார்கள், உள்ளே வந்து படுங்கள் என்றார்கள். படுத்தேன். வயிற்றில் ஜெல் தடவி, பிள்ளையின் துடிப்பைக் கேட்கிற கருவியைக் கையில் எடுத்தார்கள். ரெனி, போன பிள்ளைக்கு இதே மாதிரி ஒரு கட்டிலில் படுத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நர்ஸ் கருவியை இங்கே நகர்த்தி, அங்கே நகர்த்தி, அப்புறம் என்னைப் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடப் போனாள். ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அந்த அறைதான் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். சீட்டையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் உன் மாமா என்னை வேலப்பன்சாவடியில் இறக்கிவிட்டுக் கம்பெனிக்குப் போவார். நான் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போவேன். பிறகு எதிரே ஜூஸ் கடையில் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவேன். எல்லாம் நார்மல் என்று அவரிடம் சொல்வேன். உனக்கும் அதையேதான் எழுதினேன்.

உள்ளே உதைக்கிற வரைக்கும் உயிரோடு இருக்கிறது, எனக்கு அது போதும் என்றுதான் இருந்தேன். இரண்டு நாளாகத் தலை வெடிக்கிறது. செருப்பு நுழையவில்லை. நேற்று போல்ட்டுக்கு அளவு பார்க்கும்போது கண் முன்னால் பொறி பறந்தது. இது என்ன என்று எனக்குத் தெரியும். கோரஸாகச் சொல்ல வைப்பதே நான்தான். தெரிந்தும் கால் நகரமாட்டேன் என்கிறது. பயமாக இருக்கிறது, ரெனி. அந்தக் கட்டிலை நினைத்தால் சாவதுகூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

போன ஞாயிறு வகுப்பு வைக்கவில்லை. இந்த ஞாயிறு வைக்காவிட்டால் சாமுண்டி வீட்டுக்கே வந்துவிடுவாள்.

அக்கா

*

மண்ணூர்பேட்டை
17.03.2025

சிஸ்டருக்கு சாமுண்டீஸ்வரி வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் பையனும் நல்லா இருக்கிறோம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். உங்கள் லெட்டர் கிடைத்தது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, ஜமீலா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்கிறாள்.

ஒன்பதாம் தேதி அக்கா வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன், தூங்குகிறேன் என்று கதவைத் திறக்கவில்லை. நேற்று வந்தாங்க. முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் உள்ளே போய், உதடு தடித்து, வேறு ஆள் மாதிரி இருந்தாங்க. நான் காட்டிக்கொள்ளவில்லை.

"அக்கா, சுதாக்கா எங்களுக்கு டெஸ்ட்டு வெக்கப் போறாங்களாம். மிஷின் சரியா மாட்றமானு நீ பாரு. உன் கைல மாட்டிக் காட்றோம்" என்றேன்.

"என் கை எதுக்குடி? ஜமீலா கைல மாட்டு."

"ஜமீலாவ தெனம் மாட்டிகினுதான் கீறோம். டீச்சரு கைல மாட்னாத்தானே டெஸ்ட்டு" என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்துவிட்டேன். ஜமீலா பட்டையைச் சுற்றினாள், நான் பட்டனை அழுத்தினேன். அக்கா இழுத்தாங்க, நான் விடவில்லை. சிஸ்டர், அந்தக் கையை அழுத்தினால் என் விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது.

நூற்று எழுபத்து நான்கு, கீழே நூற்றுப் பதினாறு. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாங்க. அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த புதுப் பெண், உப்புப் போடாமல் சாப்பிட்டவள், மெதுவாகச் சொன்னாள், "இன்னிக்கே ஆஸ்பத்திரி." அப்புறம் எல்லோரும் சேர்ந்து சொன்னோம். கத்தவில்லை, சும்மா சொன்னோம். அக்கா அழுதுவிட்டாங்க.

சுதாக்காவுக்குப் போன் செய்து, நூற்றி எட்டு வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஜாபஸ் அண்ணன் கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்தார். "மாசா மாசம் நான்தானே இட்டுகினு போயி எறக்கி உட்டேன், சாமுண்டி. நான்தானே எறக்கி உட்டேன்" என்று அதையேதான் சொல்லிக்கொண்டு நின்றார். உள்ளே ஆம்பளைகளை விடவில்லை. உங்கள் அம்மாவால் படி ஏற முடியவில்லை. கூட நான்தான் இருக்கிறேன். பையனைப் பால் கொடுக்க மட்டும் மாமியார் கொண்டுவருகிறார். கடை மூடியிருக்கிறது.

வலிப்பு வராமல் இருக்க ஊசி போடுகிறார்கள். பிள்ளையின் நுரையீரலுக்கும் ஊசி. நாளைக்கு ஆபரேஷன் என்கிறார்கள். இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டரம்மா கையெழுத்து வாங்கினாங்க.

உங்கள் லெட்டரை அக்காவிடம் காட்டிவிட்டேன். காட்டியிருக்கக் கூடாதோ தெரியவில்லை.

சாமுண்டீஸ்வரி

*

பெரிய ஆஸ்பத்திரி
06.04.2025

ரெனிதாவுக்கு,

நான் எழுந்து நடக்கிறேன். மற்றவர்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மனசு வரவில்லை, அவ்வளவு கோபம்.

வாக்குக் கொடுத்தாய். கொடுத்துவிட்டு என் விஷயத்தை டிபன் கடை விலாசத்துக்கு எழுதிப் போட்டாய். நான் யாருக்கெல்லாம் டீச்சரோ அவர்கள் முன்னாலேயே என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வைத்தாய். முதல் இரண்டு நாள் உன் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று கிடந்தேன். சாமுண்டியோடும் பேசவில்லை. அவள் பாட்டுக்கு எனக்கு எச்சில் துப்பத் தட்டு பிடித்துக்கொண்டு இருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அந்தக் கட்டிலில்தான் படுக்க வைத்தார்கள். கருவியைப் பார்த்ததும் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். சாமுண்டி என் ஒரு கையை இழுத்தாள். நான் விடவில்லை, அவளும் விடவில்லை. "கேளுக்கா, கீது, கேளு" என்று கத்தினாள். பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். கை நழுவியது. கேட்டது, ரெனி. குதிரை ஓடுகிற மாதிரி அவ்வளவு வேகமாகக் கேட்டது. நாலு மாதமாக இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நான் ஜூஸ் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பெண்பிள்ளை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. என் வீங்கின கையைவிடச் சின்னதாக இருந்தாள். முதல் வாரம் மூச்சுக்கு மிஷின் வைத்திருந்தார்கள். இப்போது கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்குக் கை ஓய்ந்தால் உன் மாமா சட்டையைக் கழற்றிவிட்டு வைத்துக்கொள்கிறார். மூச்சுக்கூடச் சத்தமாக விடுவதில்லை. என்னிடம் இன்னும் அதிகம் பேசவில்லை. ஒருநாள் மட்டும் "என்னாண்ட சொல்லிர்ந்தா நானும் உள்ள வந்து நின்னுர்ப்பனே" என்றார்.

இன்னும் எடை ஏற வேண்டும், கிருமி தாக்காமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். எதுவும் முடிவாகவில்லை. அதனால் பெயர் வைக்கவில்லை.

கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் நீ எழுதாமல் இருந்திருந்தால் இப்படிக் கோபப்படவும் நான் இருந்திருக்க மாட்டேன். அதுவும் தெரிகிறது.

அக்கா

*

திண்டுக்கல்
20.04.2025
உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்)

என் அன்பு அக்காவுக்கு,

பூசை முடிந்ததும் மதர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் மூன்று கடிதம் பிரித்தபடி இருந்தன. எதையும் தொடும் முன்பே, "உன் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தையும் வந்துவிட்டது. வியாழக்கிழமை. இப்போது படி" என்றார்.

நின்றுகொண்டே படித்தேன். சாமுண்டியின் கடிதத்துக்கு வந்தபோது உட்கார்ந்துவிட்டேன்.

தவக்காலத்தில் எங்களுக்குத்தான் கடிதம் கிடையாது, மதர் வழக்கம்போலப் பிரித்துப் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நீ யாரும் படிக்க மாட்டார்கள் என்று எழுதியதை அவர் அது வந்த அன்றே படித்துவிட்டு, உடனே உங்கள் பங்குச் சாமியாருக்குப் போன் செய்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்று சாமியார் சொன்னாராம். அதற்குப் பிறகு நாள்தோறும் விசாரித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் நடுவில் ஒருநாள் மாலை ஜெபமாலையில் மதர் புதிதாக ஒரு வேண்டுதல் கருத்து சேர்த்தார். ஆபத்திலிருக்கும் ஒரு தாய்க்காகவும் அவளது குழந்தைக்காகவும். ஒவ்வொரு நாளும் சொன்னோம். நானும் எல்லோரோடும் முழங்காலில் நின்று சொன்னேன். சில நாள் கால் வலித்தது, இது எப்போது முடியும் என்றுகூட நினைத்தேன். அக்கா, அந்தத் தாய் நீ என்று எனக்குத் தெரியாது. ஊர் பேர் தெரியாத யாருக்காகவோ சொல்வதுபோல உனக்காகச் சொல்லியிருக்கிறேன்.

"ஏன் சொல்லவில்லை, மதர்?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"பஸ் ஏறியிருப்பேன்."

"அதனால்தான்" என்றார்.

நான் அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை. இன்றைக்குப் பேசினேன். "என் மனசு நோகக்கூடாது என்று என் அக்கா மறைத்தாள், செத்துப்போக இருந்தாள். என் துறவற அழைத்தல் கெடக்கூடாது என்று நீங்கள் மறைத்தீர்கள். இரண்டும் எனக்கு ஒன்றுதான்" என்றேன். அவர் மூன்று கடிதத்தையும் மடித்து என் கையில் வைத்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். மடத்தை விட்டு வரவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இனிமேல் எனக்கு வரும் கெட்ட செய்தி என்னிடம்தான் முதலில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கும் அதைத்தான் எழுதுகிறேன். நான் நல்ல செய்தி வாங்கிக்கொள்ள மட்டும் உனக்குத் தங்கையாகப் பிறக்கவில்லை. வாக்கை மீறியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன், மறுபடி நேர்ந்தால் மறுபடியும் மீறுவேன். பிரஷர் மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

ஒன்று கேட்க வேண்டும், இதை ஒன்றரை வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். போன பிள்ளை பையன். உன்னைச் சாப்பிடச் சொன்னோம், தூங்கச் சொன்னோம், மறந்துவிடு என்று சொன்னோம். நீ அவனுக்கு என்ன பெயர் நினைத்திருந்தாய் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. என்ன பெயர், அக்கா?

ரெனி

*

மண்ணூர்பேட்டை
04.05.2025

அன்பு ரெனிக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம்.

அவன் பெயர் ஷெர்வின். ஐந்தாம் மாதத்திலேயே நானும் உன் மாமாவும் சேர்ந்து வைத்தது. அவன் போன பிறகு இந்த வீட்டில் இரண்டு பேரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு, சமையல்கட்டில் நின்றிருந்த மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். பாப்பா எழுந்து அழுகிற வரைக்கும் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்கு அவன் பெயரில் கருத்து கொடுத்திருக்கிறோம். பூசை தொடங்கும் முன் சாமியார் மைக்கில் வாசிப்பார். ஜாபஸ், ஸ்டெஃபி இவர்களின் மகன் ஷெர்வினின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று. சாமுண்டி கடையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும், ஹால் வாசலில் வகுப்புக்காகக் காத்திருக்கிறவர்களுக்கும் கேட்கும், மண்ணூர்பேட்டை முழுக்கக் கேட்கும்.

கேட்கட்டும்.

அக்கா
ஸ்டெஃபி